டேப்லெட் வாங்கும் முன் வண்ணார்பேட்டைக்கு ஒரு நடை

தென்காசியில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஏழு வருடத்தில் மூன்று டேப்லெட் வாங்கியாயிற்று. முதலாவது என்னைப் படாத பாடு படுத்தியது. இரண்டாவது ஐந்து வருடமாக தினமும் உழைக்கிறது. மூன்றாவது அப்பாவுக்கு. மாணவர்களின் பெற்றோர் யாராவது வந்து, "சார், பிள்ளைக்கு ஒரு டேப் வாங்கணும், எது நல்லது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் டேப்லெட்டை 2018 கடைசியில் ஆன்லைன் தள்ளுபடியில் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். 8 அங்குலத் திரை, 2 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ், விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம். பெட்டியில் "ஆக்டா கோர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எட்டு கோர், அதாவது வேலை செய்ய எட்டு மூளை, என்றதும் நானும் மயங்கிவிட்டேன். பிறகுதான் தேடிப் பார்த்தேன்: எட்டுமே கார்ட்டெக்ஸ் ஏ53. சிப் வடிவமைக்கும் ஏஆர்எம் நிறுவனம் 2012-இல் அறிவித்த, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பதற்கென்றே செய்த சின்ன கோர். எட்டுப் பேர் வந்து நின்றாலும் எட்டுப் பேரும் பொடியன்கள் என்றால் நெல் மூட்டை நகருமா?

நகரவில்லை. முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டோரேஜ் நிறைய நிறைய, பழைய வினாத்தாள் பிடிஎஃப் ஒன்றைத் திறக்கவே மூச்சு வாங்கியது. விலை குறைந்த டேப்லெட்டுகளில் இருப்பது இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ். அதில் ஒரு நேரத்தில் படிக்க மட்டும் முடியும், அல்லது எழுத மட்டும் முடியும். ஒரு பஸ் போனால் எதிர் பஸ் ஓரமாக நிற்க வேண்டிய ஒற்றைப் பாலம் மாதிரி. யூஎஃப்எஸ் வகையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், விளம்பரத்திலும் பெரிதாக வராது. ஆனால் இரண்டாம் வருடம் டேப்லெட் எப்படி ஓடும் என்பதை கோர் எண்ணிக்கையைவிட இதுதான் தீர்மானிக்கிறது. 32 ஜிபி-யில் பத்துக்கு மேல் சிஸ்டமே விழுங்கிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டு போட்டால் படமும் பாடமும் அதில் போகும். ஆப்கள் பெரும்பாலும் உள்ளேயேதான் உட்காரும்.

படம் பார்ப்பதிலும் ஒரு கோளாறு. ஓடிடி ஆப்பில் எதைப் போட்டாலும் மங்கல். நெட் மெதுவாக இருக்கிறது என்று பல மாதம் நெட்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். உண்மையில் அந்த டேப்லெட்டுக்கு வைட்வைன் என்ற பாதுகாப்பின் மேல்படியான எல்1 சான்று இல்லை, கீழ்ப்படியான எல்3 மட்டும்தான். திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதைத் தடுக்கிற இந்தப் பாதுகாப்பில் எல்3 என்றால், பல ஓடிடி ஆப்கள் 480பி தரத்தைத் தாண்டிக் காட்டாது. திரை எவ்வளவு உசத்தியானாலும் பயனில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பதினோராவது மாதம் சார்ஜிங் பின் லூசானபோதுதான் நிஜமான கூத்து ஆரம்பித்தது. அப்போது மைக்ரோ யூஎஸ்பி. வயரை ஒரு கோணத்தில் வளைத்து, அடியில் தீப்பெட்டி முட்டுக்கொடுத்தால்தான் சார்ஜ் ஏறும். வாரண்டி ஒரு மாதம் மிச்சம் இருக்கிறதே என்று பில்லை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன். பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டி ஒன்றரை மணி நேரம் குலுங்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், கம்பெனி தளத்தில் போட்டிருந்த முகவரியில் ஒரு ஜவுளிக்கடை குடோன். பக்கத்து டீக்கடைக்காரர், "அவங்க காலி பண்ணி நாலு மாசமாச்சே" என்றார். ஹெல்ப்லைனுக்கு அடித்தால், உங்களுக்கு அருகில் உள்ள சர்வீஸ் சென்டர் மதுரை என்று பதில். தென்காசியிலிருந்து மதுரை நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். இதற்குப் பெயர் அருகில்.

கூரியரில் அனுப்பினேன். "பார்ட் வரணும் சார்" என்று மூன்று வாரம். திரும்பி வந்தபோது பின் சரியாகியிருந்தது, உள்ளே இருந்ததெல்லாம் துடைக்கப்பட்டிருந்தது. ஒரு வருடம் சேர்த்த குறிப்புகள் போயின. பேக்கப் எடுக்காதது என் தப்புதான், ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐந்து மாதத்தில் அதே பின் மறுபடி லூசானது. வாரண்டி முடிந்துவிட்டதால் இந்த முறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள மொபைல் கடைத் தம்பியிடம் கொடுத்தேன். சால்டரிங் இரும்பை ஊதிக்கொண்டே, "இதுக்குப் போயி மதுரை வரைக்குமா சார்?" என்றான். அரை மணி நேரம், 350 ரூபாய்.

2020 ஜூனில் வகுப்பெல்லாம் கூகுள் மீட்டுக்கு மாறியது. பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, அதன் கால்களில் ஸ்கேலை வைத்துக் கட்டி, போன் கேமராவைக் கீழ்நோக்கி நிறுத்தி, அடியில் நோட்டில் கணக்குப் போட்டேன். என் புறங்கைதான் பாதித் திரையில் தெரிந்தது. பழைய டேப்லெட்டில் ரப்பர் முனைப் பேனாவால் எழுதிப் பார்த்தேன். கை பட்ட இடமெல்லாம் கோடு விழுந்தது. சரி, புதிதாக வாங்கியே ஆக வேண்டும். இந்த முறை கடைக்குப் போவதற்கு முன்னால் சர்வீஸ் சென்டருக்குப் போவது என்று முடிவு செய்திருந்தேன்.

செப்டம்பரில் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓட ஆரம்பித்ததும், ஒரு சனிக்கிழமை, சர்வீஸ் சென்டர்கள் இருக்கிற திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்குப் போனேன். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கம்பெனி சர்வீஸ் சென்டராகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னிடம் ரிப்பேருக்கு ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பதுதான் வேலை. ஓரிடத்தில் பெரியவர் ஒருவரிடம், "எத்தனை நாளா அலையுதிய அண்ணாச்சி?" என்றேன். "முந்தாநாள் குடுத்தேன், இன்னைக்கு வந்து வாங்கச் சொல்லிட்டாவ" என்றார். வேறொரு இடத்தில் ஒரு அம்மா, இது நாலாவது தடவை என்று கண் கலங்கினார். இரண்டு மணி நேரத்தில் எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் மூன்றே கேள்விதான் கேட்டேன். இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு? பேட்டரி இங்கேயே இருக்குமா, வரவழைக்க வேண்டுமா? கொடுத்தால் எத்தனை நாள்? இந்த மூன்றுக்கும் கம்ப்யூட்டரைத் தட்டி உடனே பதில் வந்தால் அந்தக் கம்பெனி அந்த ஊரில் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். "நீங்க முதல்ல ஜாப் ஷீட் போடுங்க, அப்புறம் சொல்றோம்" என்று ரிப்பேர் பதிவுச் சீட்டை நீட்டினால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

அப்படி வடிகட்டியதில் மிஞ்சியது இரண்டு: சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட், ஆப்பிள் ஐபேட் எட்டாம் தலைமுறை. விலை கிட்டத்தட்ட ஒன்று. ஐபேட் 29,900 ரூபாய், எஸ்6 லைட் வைஃபை மாடல் 27,999. வேகத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஐபேடின் ஏ12 சிப்புக்குப் பக்கத்தில் எஸ்6 லைட்டின் எக்ஸினாஸ் 9611 நிற்கக்கூட முடியாது. ஆனால் ஐபேடில் அந்த விலைக்கு 32 ஜிபி, கார்டு போட வழி இல்லை, பென்சிலுக்குத் தனிக் காசு. எஸ்6 லைட்டில் 64 ஜிபி, மெமரி கார்டு வசதி, பேனா பெட்டிக்குள்ளேயே. எனக்கு வேண்டியது கரும்பலகை, விளையாட்டு மைதானம் இல்லை. எஸ்6 லைட்டை எடுத்தேன்.

அந்தப் பேனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதற்குள் பேட்டரி கிடையாது. திரைக்கு அடியில் இருக்கும் தகடு அனுப்பும் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். வாகம் நிறுவனத்தின் ஈஎம்ஆர் நுட்பம் அது. அதனால் வகுப்பு நடுவே "பேனா சார்ஜ் இல்லை" என்ற பேச்சே வந்ததில்லை. எழுதும்போது கை அழுந்தினாலும் கோடு விழுவதில்லை. கண்ணாடியில் வழுக்குகிறதே என்று காகிதம் மாதிரி சொரசொரப்பான ஷீட் ஒன்று ஒட்டினேன். எழுத சுகம், ஆனால் உப்புத்தாள் மாதிரி அது நிப்பைத் தேய்க்கும். நாளைக்கு நாலு மணி நேரம் எழுதுகிற எனக்கு வருடத்துக்கு இரண்டு நிப். நிப் தேய்ந்து உள்ளிருக்கும் முனை திரையைக் கீறுமுன் மாற்றிவிட வேண்டும். விரல் நகத்தால் வருடிப் பார்த்தால் ஒரு பக்கம் சாய்வாகத் தட்டுப்படும், அதுதான் கணக்கு.

மற்றபடி விரல்ரேகை சென்சார் கிடையாது. சார்ஜர் 15 வாட் என்பதால் 7,040 எம்ஏஎச் பேட்டரி நிறைய மூன்று மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டு காலையில் எடுக்கிறவனுக்கு இது ஒரு குறையா? கேமரா பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அப்டேட் விஷயம்தான் அடுத்து. முதல் டேப்லெட் வாங்கிய நாளில் இருந்த ஆண்ட்ராய்டு 8-லேயே கடைசி வரை நின்றது. எஸ்6 லைட் ஆண்ட்ராய்டு 10-இல் வந்து, வருடத்துக்கு ஒன்றாக 2023-இல் 13 வரை ஏறியது. அந்த ஐபேட்? 2025-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26-உம் அதற்குக் கிடைத்திருக்கிறது. இதைப் படித்த அன்று கொஞ்சம் வயிறு எரிந்தது என்பதை மறைக்கவில்லை. ஆப்பிளின் வழக்கமே அப்படித்தான். 2014-இல் வந்த ஐபேட் ஏர் 2-வுக்கு 2021-இன் ஐபேட்ஓஎஸ் 15 கிடைத்தது. இப்போது சாம்சங்கும் டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு தலைமுறை ஆண்ட்ராய்டு தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, கடைசி டேப்லெட் விற்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் தரவேண்டும் என்ற விதி 2025 ஜூன் 20 முதல் அமலில் இருக்கிறது. நம்மூரில் அப்படி விதி வரும் வரை நாமே பார்த்துத்தான் வாங்க வேண்டும். மாடல் எந்த வருடம் வெளியானது என்பதைக் கேளுங்கள். தள்ளுபடியில் கிடைக்கிறது என்று மூன்று வருடப் பழைய மாடலை வாங்கினால், ஆயுளில் பாதி கடை அலமாரியிலேயே போயிருக்கும்.

அப்பாவுக்கு 2023 தீபாவளி சமயம் சாம்சங் டேப் ஏ9 வாங்கினேன். 8.7 அங்குலம். கண்புரை ஆபரேஷன் முடிந்து பெரிய எழுத்தில் பேப்பர் படிக்க வேண்டும், படுத்துக்கொண்டே ஒரு கையில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. 10 அங்குலத்தை அவர் கையில் கொடுத்துப் பார்த்தேன், ஐந்து நிமிடத்தில் நெஞ்சில் சாய்த்துவிட்டார். 332 கிராம் அவருக்குச் சரியாக இருக்கிறது. ஒன்றுக்கு நாலு மடங்கு விலையில் வாங்கியிருந்தாலும் அவருக்கு இதைவிட ஒன்றும் கூடுதலாகக் கிடைத்திருக்காது.

சர்வீஸுக்குக் கொடுக்க நேர்ந்தால் என் பழக்கம் இது. முதலில் பேக்கப். அப்புறம் கவுண்டரிலேயே முன்னும் பின்னும் நாலு மூலையும் போட்டோ, கீறல் விழுந்தால் யார் போட்டது என்ற சண்டை வராது. ஜாப் ஷீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று படித்துவிட்டுக் கையெழுத்து. உள்ளே ஈரம் பட்டால் நிறம் மாறும் சின்ன ஸ்டிக்கர் இருக்கும், அது சிவந்திருந்தால் வாரண்டி பேச்சு அத்தோடு முடிந்தது. வாரண்டிக்குள் இருந்தும் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது. இப்படிப் புகார் கொடுக்கலாம் என்று 2019-இல் எனக்குத் தெரிந்திருந்தால் மதுரைக்காரர்களை அவ்வளவு எளிதில் விட்டிருக்க மாட்டேன்.

போன ஆகஸ்டில் எஸ்6 லைட்டுக்கு பேட்டரி மாற்றினேன். ஐந்து வருடம் தினமும் ஏற்றி இறக்கினால் எந்த லித்தியம் பேட்டரியும் தளரத்தான் செய்யும். காலை வகுப்பு முடியும்போதே முப்பது சதவீதத்துக்கு வந்துகொண்டிருந்தது. இன்றைய ஆப்களுக்கு 4 ஜிபி ரேம் பத்தாது என்பதும் தெரியும், புதிதாக வாங்குகிறவர்கள் 6-க்குக் கீழே போக வேண்டாம். என் வேலைக்கு இன்னும் இரண்டு வருடம் தாங்கும் என்று தோன்றியது. வண்ணார்பேட்டையில் அதே கவுண்டர், ஆள்தான் வேறு. "பேட்டரி ஸ்டாக் இருக்கு சார், ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றது அந்தப் பெண். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் பக்கம் திரும்பி, "என்ன அண்ணாச்சி, எத்தனை நாளா அலையுதிய?" என்றார்.