மெஷினா, காகிதமா, கவந்தியா: ஒட்டுப் போர்வைக்கு மூன்று வழிகள்

கட்டிலுக்கு அடியில் இரண்டு கட்டைப் பை நிறைய வெட்டுத்துணி சேர்ந்துவிட்டது. பிளவுஸ் மிச்சம், சுடிதார் ஓரம், கிழியவும் கிழியாமல் கட்டவும் முடியாமல் போன பருத்திச் சேலைகள். தூக்கிப் போட மனம் வராததால்தான் ஒட்டுப் போர்வை தைக்க ஆரம்பித்தேன். நாலு வருடத்தில் மூன்று முறையில் மூன்று போர்வை: மெஷினில் ஒன்று, காகிதம் வைத்துக் கையால் ஒன்று, கவந்தி என்ற கர்நாடகத்துக் கைத்தையல் முறையில் ஒன்று. அதில் ஒன்று கட்டிலில் கிடக்கிறது, ஒன்று பீரோ மேல் இருக்கிறது, ஒன்று பிஸ்கட் டப்பாவைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை.

பீரோ மேல் இருப்பது மெஷினில் தைத்தது. மெஷின் இருந்தால் வேகமாக முடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். தைப்பது வேகம்தான், அதற்கு முன்னால் இருக்கும் வேலையை யாரும் சொல்வதில்லை. ஒரு ஆள் படுக்கும் போர்வை 60க்கு 88 இஞ்ச் என்று வைத்தால், 4 இஞ்ச் சதுரம் 330 வேண்டும். சுற்றிலும் தையலுக்குக் கால் இஞ்ச் விட வேண்டும் என்பதால் வெட்டுவது நாலரை இஞ்ச். கத்தரியும் அட்டையும் வைத்து 330 துண்டு வெட்டிய பிறகு கட்டைவிரல் இரண்டு நாள் மடங்கவில்லை. 1979ல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த சக்கரக் கத்தி இந்த வேலையைத்தான் மாற்றியது. பீட்சா வெட்டுவது போல உருட்டினால் நாலைந்து மடிப்பு துணி ஒன்றாக வெட்டுப்படும். அடியில் போட அதற்கென்று ஒரு பாய் வேண்டும், தடித்த ஸ்கேல் வேண்டும். மூன்றும் சேர்த்தால் விலை கொஞ்சம் கடிக்கும்.

மெஷின் வழியில் உயிர் முழுக்க அந்தக் கால் இஞ்சில்தான் இருக்கிறது. ஒரு தையல் பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் தள்ளிப் போனால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது இரண்டு பக்கத் துண்டிலும் குறையும்; ஒரு வரிசையில் 14 தையல் இருக்கிறது; கூட்டிப் பார்த்தால் ஒன்றே முக்கால் இஞ்ச். ஒரு வரிசை அப்படிச் சுருங்கி, அடுத்த வரிசை சுருங்காமல் நின்றால் மூலைகள் எப்படிச் சேரும்? இஸ்திரிப் பெட்டியும் பக்கத்திலேயே சூடாக இருக்க வேண்டும். முதல் வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கம் சாய்த்துத் தேய்த்தால், அடுத்த வரிசையை வலப்பக்கம். அப்போதுதான் இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும், மூலை நழுவாது. மெஷின் போர்வையில் பாதி நேரம் தேய்ப்பதற்கே போகிறது.

இத்தனையும் முடிந்தால் கையில் இருப்பது மேல் துணி மட்டும்தான். நடுவில் பஞ்சுத் தகடு, அடியில் ஒரு துணி வைத்து மூன்றையும் சேர்த்துத் தைத்தால்தான் போர்வை. வீட்டு மெஷினில் ஊசிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இடம் கிடையாது. அதற்குள் முழுப் போர்வையையும் பாய் மாதிரி சுருட்டி நுழைக்க வேண்டும். அடித்துணி எங்கேயோ சுருக்கம் விழும், திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். பலருடைய அலமாரியில் மேல் துணி மட்டும் மடித்துக் கிடப்பதற்கு இதுதான் காரணம் என்பேன். என்னுடையது எப்படியோ முடிந்தது. ஆனால் உள்ளே வைத்த பாலியஸ்டர் பஞ்சோடு நம் ஊர் புழுக்கத்தில் போர்த்த முடியுமா? பீரோ மேலே போய்விட்டது.

காகித வழிக்கு மெஷின் வேண்டாம். அறுகோணமாக வெட்டிய காகிதத்தின் மேல் துணியை மடித்து நூலோட்டி, இரண்டு அறுகோணத்தின் ஓரங்களை ஒட்ட வைத்துச் சின்னச் சின்னதாகக் கையால் தைத்துச் சேர்ப்பது. சுற்றிலும் சேர்ந்த பிறகு காகிதத்தை உருவிவிடலாம். பிரிட்டனில் இதற்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. காகிதத்தின் மேல் தைத்த பட்டு ஒட்டுவிரிப்பு ஒன்று 1718 என்று ஆண்டு பொறித்தே இருக்கிறது. நான் காகிதத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினேன், கனம் சரியாக இருந்தது. முடிக்காமல் விட்ட பழைய போர்வைகளுக்குள் இருக்கும் கடிதத் துண்டு, கணக்குத் தாள்களை வைத்து ஆராய்ச்சியாளர்கள் காலம் கணிப்பதுண்டு. என் டப்பாவை நூறு வருடம் கழித்து யாராவது திறந்தால் சித்தப்பா மகன் கல்யாண முகூர்த்தம் கிடைக்கும்.

துல்லியத்தில் இதை அடிக்க ஆளில்லை. அளவு காகிதத்திலேயே இருப்பதால் கை நடுங்கினாலும் மூலை சேரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று ஒரு பூவுக்கு 12 ஓரம் தைக்க வேண்டும். எனக்கு ஒன்றரை மணி நேரம். பக்கம் 1 இஞ்ச் உள்ள அறுகோணம் என்றால் அதே போர்வைக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். பக்கத்தை 2 இஞ்ச் ஆக்கினால் ஏறக்குறைய ஐந்நூறில் முடிந்துவிடும். தொடங்குகிறவர்கள் தயவுசெய்து 2 இஞ்ச் எடுங்கள். நான் 1 இஞ்ச் எடுத்தேன்.

கட்டிலில் கிடக்கிறது என்றேனே, அது கவந்தி. வடகர்நாடகக் கடற்கரை மாவட்டமான உத்தர கன்னடத்தில், எல்லாப்பூர், ஹளியால் பக்கம் வாழும் சித்தி மக்களின் போர்வை. (நம் வீட்டுச் சித்தி இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள்.) பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து, அடித்துணியோடு சேர்த்து ஓட்டுத் தையல் போட வேண்டும். அடுத்த துண்டு முந்தையதன் பிசிறை மூடிக்கொண்டு உட்காரும். இப்படியே ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்தால் போர்வை முடிந்தது. மேல் துணி, பிறகு அடித்துணி என்று இரண்டு கட்டம் கிடையாது. ஒட்டும்போதே அடியோடும் தைத்தாகிவிடுகிறது. சதுரமாக வெட்ட வேண்டாம், அளக்க வேண்டாம், கிடைத்த துண்டை கிடைத்த வடிவில் மடித்தால் போதும். பஞ்சும் இல்லை, அதனால் துவைத்துப் போட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

மற்ற போர்வைகளை நடுவிலிருந்து வெளியே தைக்கச் சொல்வார்கள், சுருக்கம் வெளியே தள்ளிப் போகட்டும் என்று. கவந்தி நேர் எதிர். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அடிச்சேலையை உள்ளங்கையால் தடவி விட்டுக்கொண்டே வர வேண்டும். நான் முதல் இரண்டு சுற்றில் விட்டுவிட்டேன். நடுவில் இட்லி மாதிரி ஒரு உப்பல் வந்து, பிரித்துத் தைத்தேன். கடைசியில் நாலு மூலையிலும் துணியை மடித்து முக்கோணக் குஞ்சம் வைப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்குப் பூ என்று பொருள். அது இல்லாத போர்வை அம்மணமாக இருக்கிறது என்பது சித்திப் பெண்கள் கணக்கு.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று: துணியை முதலில் துவைத்துவிடுங்கள். நான் துவைக்காமல் வைத்த ஒரு சிவப்புத் துண்டு மெஷின் போர்வையில் பக்கத்து ஆறு வெள்ளைச் சதுரங்களையும் ரோஸ் ஆக்கிவிட்டது. அப்புறம், பனியன் துணி வேண்டாம், இழுத்த இழுப்புக்கு வரும்.

சுவரில் மாட்டவோ, ஒரே மாதிரி நாலு தலையணை உறைக்கோ என்றால் மெஷின். போர்த்திப் படுக்கவும், குழந்தைக்கு அடியில் விரிக்கவும் என்றால் யோசிக்காமல் கவந்தி. காகிதத்தை நான் விட்டுவிடவில்லை. டப்பா கைப்பையிலேயே இருக்கிறது. எழும்பூரில் வண்டி ஏறினால் விழுப்புரம் வருவதற்குள் ஒரு பூ ஆகிவிடும்.