பழைய அக்சியோவா, பழைய வெசலா?

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்தும் என்ன, வரியோடு சேர்த்துப் புதியதின் விலையைக் கேட்டால் பேசாமல் பழையதைப் பார்க்கப் போய்விடுவோம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ரொயோட்டாவின் 1.5 பெற்றோல் கார் அக்சியோ வேண்டும், தம்பிக்கு ஹொண்டாவின் உயரமான ஜீப் வகை வெசல் ஹைபிரிட் வேண்டும். "ஜீப் எண்டால்தான் மதிப்பு" என்று அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன், என் வோட்டு அப்பாவுக்கு.

வெசல் பார்க்கப் பெரிதாகத் தெரிந்தாலும் நீளத்தில் அக்சியோவை விடக் குட்டை. அகலம்தான் கரைச்சல். அக்சியோ 1,695 மில்லிமீற்றர், வெசல் 1,770. இரண்டு பக்கமும் மதில் எழுப்பிய எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஒழுங்கைக்குள் எதிரே ஒரு ஓட்டோ வந்தால் அந்த ஏழரை சென்ரிமீற்றரின் அருமை விளங்கும்.

மாரி வெள்ளத்துக்கும், படலைக்கு முன்னால் ஏற்றமாகச் சீமெந்து போட்ட வீடுகளுக்கும் வெசல்தான் சரி, அதில் மறுபேச்சில்லை. முழங்கால் நோவுள்ள அம்மாவும் அதில் நேராக ஏறி இருந்துவிட்டார். அக்சியோவில் குனிந்து இருக்க வேண்டும், இறங்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். ஆனால் வெசலின் பின்கதவுக் கைபிடியைக் கண்ணாடி ஓரத்தில் கறுப்போடு கறுப்பாக மறைத்து வைத்திருக்கிறார்கள், அம்மா கதவு முழுக்கத் தடவித் தேடிவிட்டு "இதுக்குக் கதவே இல்லையா" என்று கேட்டார்.

இங்கிருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றர் அளவில் ஓட வேண்டும், அந்த ஓட்டத்துக்கு அக்சியோ மெத்தென்று போகும், வெசல் குழியில் விழுந்தால் முதுகுக்குத் தெரியும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தம் வந்தால் பெட்டிகளை அக்சியோவின் டிக்கிக்குள் தள்ளிப் பூட்டிவிடலாம். வெசலில் பின்சீற்றை மடிக்க வேண்டும், பிறகு ஆட்கள் எங்கே இருப்பது?

பெற்றோல் செலவில் வெசல் வெல்லும், ஆனால் மிச்சம் பிடித்த காசு வேறு வழியால் போகும். ரயர் பெரிது, விலையும் கூட. ஹைபிரிட் பற்றரிக்கும் வயது போயிருக்கும். அதைவிட எனக்குப் பயம் வெசலில் தானாகக் கியர் மாற்றும் அந்த ஏழு கியர் இரட்டைக் கிளச். வெளிவந்த காலத்திலேயே ஹொண்டா இந்த வெசலையும் ஃபிட் ஹைபிரிட்டையும் திரும்பத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றியது. கஸ்தூரியார் வீதியில் பின்னேர நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளச்சுக்குச் சூடுதான். அக்சியோவில் இந்தத் தலையிடி இல்லை, எந்த ஊர் கராஜிலும் கை வைப்பார்கள்.

எதை எடுத்தாலும் தரகரின் மீற்றர் கதையை விட்டுவிட்டு அடியில் குனிந்து பாருங்கள். கடலோரம், தீவுப் பக்கம் ஓடிய வாகனம் என்றால் கதவின் கீழ்விளிம்பையும் சைலன்சர் கொழுவும் இடத்தையும் உப்புத் தின்றிருக்கும், மேலே பெயின்ற் பளபளக்கும். இஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேற்றர் மூடியையும் திறந்து பாருங்கள். கூலன்ற் ஊற்றாமல் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஓடியிருந்தால் வாயைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்பு படிந்திருக்கும். நான் பார்த்த வெசல் ஒன்றில் அது நகத்தால் சுரண்டும் அளவுக்கு இருந்தது, விற்கிறவர் "அது கழுவினால் போய்விடும்" என்றார். தம்பி அதற்கும் தலையாட்டினான்.