நாச்சியார்கோயில்-குத்து: வேர்ட்பிரஸ் பெர்மாலிங்க், நாள்பட்ட அனுபவம்

கும்பகோணம் பக்கம் விளக்குக்கடை, பாத்திரக்கடை வைத்திருப்பவர்கள் சைட் போட்ட கையோடு கேட்பது இதைத்தான்: "முகவரில கேள்விக்குறி போட்டு ஐடி=247னு வருதே, அதை எடுத்துட்டு விளக்கு பேரைப் போட்டா கூகுள்ல மேல வந்துடுமாண்ணே?" போன வாரமும் ஒரு நண்பர் கேட்டார்.

வராது. முகவரியில் இருக்கும் சொல்லுக்கு கூகுள் தரும் மதிப்பு ரொம்பச் சின்னது. பக்கத்தின் தலைப்பையும் உள்ளே எழுதியிருப்பதையும் படித்து முடித்தபின் அது பெரிதாகக் கணக்கில் வராது. கேள்விக்குறி இருந்தால் கூகுளால் படிக்க முடியாது என்பதும் பழைய பேச்சு. டைனமிக் முகவரியை (கேள்விக்குறியோடு வருவது) அப்படியே விடுங்கள், அரைகுறையாக மாற்றி ஸ்டாட்டிக் (கேள்விக்குறி இல்லாத நிலையான முகவரி) வேஷம் கட்டினால்தான் எங்களுக்குத் தொல்லை என்று 2008 செப்டம்பரிலேயே அவர்கள் எழுதிவிட்டார்கள். 2025 ஜனவரியிலிருந்து மொபைல் தேடலில் முகவரியின் பின்பகுதியைக் காட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். டொமைன் பெயர் மட்டும்தான் தெரியும். ஆசையாக வைத்த பெயரை அங்கே பார்ப்பார் இல்லை.

டைனமிக் முகவரியால் வரும் நிஜமான தொல்லை வேறு. ஒரே பட்டியல் பக்கத்தில் உயரம் 4 வகை, பாலிஷ் 3 வகை, வரிசைப்படுத்த 6 வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். எதையும் தேர்வு செய்யாத நிலையையும் சேர்த்தால் 5×4×6, அதாவது 120 முகவரி. உள்ளே இருப்பதோ பதினைந்து விளக்கு. கூகுள் இந்த 120ஐயும் சுற்றிக்கொண்டிருக்கும், நேற்று ஏற்றிய புது விளக்கு காத்துக்கிடக்கும். இதற்கு சர்ச் கன்சோலில் (சைட் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் கணக்குப் பக்கம்) கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைக் கையாள இருந்த பாராமீட்டர் கருவியை 2022இல் எடுத்துவிட்டார்கள். இப்போது கையில் இருப்பது இரண்டு: வடிகட்டிய பக்கங்களிலெல்லாம் 'அசல் பக்கம் இதுதான்' என்று மூலப் பட்டியலைக் காட்டும் கேனானிகல் டேக், அல்லது கூகுள் எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடை. இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். தடுத்த பக்கத்தை கூகுள் திறக்காது. திறக்காத பக்கத்தில் கேனானிகல் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன.

இனி பெர்மாலிங்க், அதாவது சைட் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் ஒவ்வொரு பக்கத்துக்கும் தரும் நிலையான முகவரி. செட்டிங்ஸில் 'போஸ்ட் நேம்' தேர்ந்தெடுத்துச் சேமித்தால் வேலை முடிந்தது. வருஷக்கணக்கில் ஓடினாலும் தொந்தரவு தராது. தமிழ்த் தலைப்பு கொடுத்தால் பிரவுசர் பட்டையில் அழகான தமிழ் முகவரி. படிப்பவரின் மொழியிலேயே முகவரி இருக்கட்டும் என்று கூகுளும் சொல்கிறது. இதுவரை குறையே இல்லை.

"நாச்சியார்கோயில் குத்துவிளக்கு 24 இன்ச்" என்று தலைப்பு அடித்துப் பப்ளிஷ் செய்து பாருங்கள். முகவரி 'நாச்சியார்கோயில்-குத்து' என்று வரும். விளக்கைக் காணோம்!

காரணம் இதுதான். தமிழ்க் குறியீடு (கணினி தனித்தனியாக எண்ணும் எழுத்தோ, கால், கொம்பு, புள்ளி போன்ற குறியோ) ஒவ்வொன்றும் 3 பைட், அதாவது கணினியின் அளவில் 3 அலகு. முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து 3 எழுத்தாகிறது, ஆக 9. 'கு' என்பது ககரமும் உகரக் குறியும் சேர்ந்தது, அதற்கு 18. வேர்ட்பிரஸ் ஸ்லக்குக்கு (முகவரியில் தலைப்பிலிருந்து வரும் பகுதி) ஒதுக்கியிருப்பது மொத்தம் 200 எழுத்து. 'நாச்சியார்கோயில்' 16 குறியீடு, 144. இடைக்கோட்டோடு 145. மிச்சமிருக்கும் 55இல் இன்னும் 6 குறியீடுதான் நுழையும்: க, உகரம், த, புள்ளி, த, உகரம். 199இல் கதவைச் சாத்திவிடுகிறது.

அடுத்து 36 இன்ச் விளக்கை ஏற்றினால் அதே ஸ்லக் வரும். ஏற்கெனவே இருப்பதால் பின்னால் '-2' ஒட்ட இடம் வேண்டும், அதற்காக இன்னொரு குறியீட்டை வெட்டும். கிடைப்பது 'நாச்சியார்கோயில்-குத்த-2'. புவிசார் குறியீடு வாங்கிய ஊர் விளக்குக்கு இப்படி ஒரு விலாசம். இங்கிலீஷ் தலைப்புக்கு 200 எழுத்து தாராளம், தமிழுக்கு 22 குறியீடு. எத்தனை வெர்ஷன் வந்தும் இது அப்படியே இருப்பதுதான் எரிச்சல்.

வாட்ஸ்அப் இன்னொரு தலைவலி. குரோமில் முகவரியைக் காப்பி செய்து அனுப்பினால் தமிழ் போகாது. %E0%AE என்று நாலைந்து வரிக்கு நீளும். மோசடி லிங்க் என்று வாடிக்கையாளர் தொடவே பயப்படுவார். பயப்படுவது நியாயமும்கூட.

சமாளிக்க வழி உண்டு. பப்ளிஷ் அழுத்துமுன் ஸ்லக் பெட்டியில் கையால் அடியுங்கள். 'குத்துவிளக்கு-24' மொத்தம் 120 எழுத்து, வெட்டுப்படாது. ஆங்கில எழுத்தில் வைத்தால் வாட்ஸ்அப் தொல்லையும் தீரும், பில்லிலும் அச்சடிக்கலாம். ஆனால் குத்துவிளக்குக்கு எத்தனை 'டி', தஞ்சாவூரா டாஞ்சூரா என்று கடைக்குள்ளேயே சண்டை வரும். எதையாவது ஒன்றை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். சொற்களுக்கு நடுவே இடைக்கோடு போடுங்கள், அடிக்கோடு வேண்டாம். ஏற்கெனவே 'குத்த-2' என்று போய்விட்டதென்றால், போஸ்ட்டுக்கும் பொருளுக்கும் மாற்றலாம், பழைய ஸ்லக்கை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துத் திருப்பிவிடும். 'பேஜ்' வகைக்கு அந்த நினைவு கிடையாது. அங்கே பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதுக்கு அனுப்பும் ரீடைரக்ட் நீங்கள்தான் போட வேண்டும்.

பழைய பிஹெச்பி (ஒரு நிரல்மொழி) சைட்டிலிருந்து மாறுபவர்கள் அடிவாங்குவதும் ரீடைரக்டில்தான். சர்வர் மென்பொருளான அப்பாச்சியில் முகவரியை மாற்றித் தரும் ரீரைட் ரூல் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பதே இல்லை. அதைப் பார்க்க மேலே தனியாக ஒரு கண்டிஷன் வரி வேண்டும். புது முகவரியின் முடிவில் வெறும் கேள்விக்குறி ஒன்று போடாவிட்டால் பழைய ஐடி=247 வால் மாதிரி தொடர்ந்து வரும். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கு வைத்திருக்கிறது. கிளிக் வந்த பக்கங்களை அதிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதுப் பக்கத்துக்கு 301 (நிரந்தர ரீடைரக்ட்) போடுங்கள், நடுவில் வேறு முகவரிக்குப் போகாமல் நேராக. எல்லாவற்றையும் முகப்புக்குத் தள்ளினால் கூகுள் அதைக் காணாமல்போன பக்கமாகவே கணக்குப் போடும். 301ஐக் குறைந்தது ஒரு வருஷம் எடுக்காதீர்கள்.

நிதானமாக இருக்கும் நாளில் கேட்டால் பெர்மாலிங்குக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். இன்று காலையில் 'குத்த-7' பார்த்தாயிற்று. இரண்டுக்கு மேல் ஒரு புள்ளி கிடையாது. நண்பருக்குச் சொன்னதும் அதேதான்: 247 இருந்துவிட்டுப் போகட்டும், முதலில் ஒவ்வொரு விளக்குக்கும் எத்தனை கிலோ, எத்தனை முகம், தண்டு கழற்றி மாட்டும்படியானதா என்று எழுதிவையுங்கள். அதைத்தான் ஆட்கள் தேடுகிறார்கள்.