கோதுமை மா தொடாத நான்கு நாள்கள்: ஹட்டன் அருகே ஒரு வீட்டு விடுதி

2024 மே மாதத்தில் நானும் கணவரும் எட்டு வயது மகளும் என் மாமியாரும் திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறந்து, கண்டி வழியாக இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகம் சென்று, டிக்கோயாவுக்கு அப்பால் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு வீட்டு விடுதியில் நான்கு இரவுகள் தங்கினோம். இரண்டே அறைகள் கொண்ட அந்த வீட்டை நடத்துபவர், தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா. வீட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் தவிர்க்கிறேன். ஆனால் அங்கே எங்கள் மகள் என்ன சாப்பிட்டாள், அது எப்படிச் சமைக்கப்பட்டது என்பதை விரிவாக எழுதுவது, அவளைப் போன்ற பிள்ளைகளோடு பயணம் செய்ய அஞ்சும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

மகளுக்கு ஆறு வயதில் சீலியாக் நோய் இருப்பது உறுதியானது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே சென்றால், அவளுடைய உடலின் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். இதற்கு மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதுதான் மருத்துவம். குளூட்டன் இல்லாதது என்று ஓர் உணவைச் சொல்ல வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது பன்னாட்டு வரையறை, இந்தியாவிலும் அதுவே. அந்த அளவைக் கண்ணால் பார்க்க முடியாது. முன்பு கோதுமை மாவு சலித்த சல்லடையும், பூரி பொரித்த எண்ணெயும், சப்பாத்தி சுட்ட கல்லும் அதைக் கடக்கப் போதுமானவை. ‘கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது’ என்று அன்போடு சொல்லும் உறவினர்களிடம் இதை விளக்கி விளக்கி எங்களுக்குப் பழகிவிட்டது.

இலங்கை சோறு உண்ணும் நாடு, இடியப்பமும் அப்பமும் அரிசி மாவில் செய்பவை, நம் மொழி பேசினால் புரிந்துகொள்வார்கள், ஆகவே ஐரோப்பாவுக்குப் போவதைவிட எளிதாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டுதான் புறப்பட்டோம். அந்த எண்ணம் கண்டியில் முதல் இரவே உடைந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் அமர்ந்து, பரிமாறிய தம்பியிடம், “இடியப்பத்தில் மைதா கலந்திருக்கிறதா?” என்று இரண்டு முறை கேட்டேன். “இல்லம்மா” என்று அவர் தயங்காமல் சொன்னார். மகள் நான்கு இடியப்பம் சாப்பிட்டாள். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கிய வாந்தியும் வயிற்றுவலியும் விடியற்காலையில்தான் ஓய்ந்தன. காலையில் என் கணவர் மீண்டும் சென்று சமையற்காரரிடம் விசாரித்தார். “மைதா எல்லாம் போடுறதில்ல ஐயா, அவிச்ச கோதுமை மாவும் அரிசி மாவும் பாதிக்குப் பாதி” என்றார் அவர்.

அவர்கள் எங்களிடம் பொய் சொல்லவில்லை. நாம் மைதா என்று அழைக்கும் வெள்ளை மாவுக்கு அங்கே கோதுமை மா என்றுதான் பெயர்; மைதா என்ற சொல் கடைகளில் அதிகம் புழங்குவதில்லை. அந்த மாவை ஆவியில் அவித்துச் சலித்து இடியப்பத்திலும் பிட்டிலும் சேர்ப்பது மிக இயல்பான வழக்கம், ஏனென்றால் இடியப்பம் ஆறிய பிறகும் முறியாமல் மென்மையாக இருக்கும். சிவப்பரிசி இடியப்பத்தின் நிறத்தை நம்பியும் பயனில்லை, அதிலும் கலப்பதுண்டு. நம் கேழ்வரகுக்கு அங்கே குரக்கன் என்று பெயர். குரக்கன் ரொட்டி என்று எழுதியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது, பிசையும்போது மாவு ஒட்டிக்கொள்வதற்காகக் கோதுமை மாவைச் சேர்க்கிறார்கள். சிங்களம் பேசும் இடங்களில் கேட்பதற்குக் கோதுமை மாவுக்குத் ‘திரிங்கு பிட்டி’ அல்லது பேச்சு வழக்கில் ‘பாண் பிட்டி’, அரிசி மாவுக்கு ‘ஹால் பிட்டி’ என்ற சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரே மொழி பேசுகிறோம் என்ற துணிவில் சொல்லைச் சரிபார்க்காமல் விட்டது என் பிழை; அதற்கான வேதனையை என் குழந்தை பட்டாள்.

இந்த நிலையில்தான் சோர்ந்துபோன மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கினோம். வீட்டை அடைந்ததும் அக்கா அவளுக்கு ஒரு குவளை மோல்ட் பானம் கரைத்துக்கொண்டு வந்தார். பார்லி மோல்ட் சேர்ந்த பானம் அது. நான் பதறித் தடுத்ததும் அவர் முகம் வாடவில்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப என்னென்ன ஆகாதுன்னு முழுசாச் சொல்லுங்க தங்கச்சி, நான் எழுதிக்கிறேன்” என்று ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து வந்தார். அரை மணி நேரம் அவர் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன். இத்தனை ஆண்டுகளில் உணவகங்களில் எல்லாம் நான் பேசுவேன், எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். என்னைத் திருப்பிக் கேள்வி கேட்ட முதல் சமையற்காரர் இவர்தான்.

மலையகத்தில் இது எவ்வளவு கடினமான வேண்டுகோள் என்பதை அங்கே தங்கிய பிறகே உணர்ந்தேன். இலங்கையில் கோதுமை விளைவதில்லை, முழுவதும் இறக்குமதிதான். ஆயினும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் அன்றாட உணவு கோதுமை மா ரொட்டியும் சம்பலுமே. விடியலில் சுட்ட ரொட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் கொழுந்து பறிக்கச் செல்கிறார்கள். அக்காவின் வீட்டிலும் அவருடைய மகனுக்கும் மருமகளுக்கும் தினமும் காலை ஐந்து மணிக்கு ரொட்டி தட்டப்படும். அந்த மாவு சமையலறை மேடையிலும் காற்றிலும் துணியிலும் இருக்கும். அதற்கு அவர் கண்ட வழி, நாங்கள் இருந்த நான்கு நாளும் வீட்டாரின் ரொட்டியைப் பின்கட்டில் இருந்த விறகடுப்புக்கு மாற்றியது. மருமகள் அங்கே ரொட்டி சுட்டு முடித்து, கை கழுவி, மேலே போட்டிருந்த துண்டையும் அவிழ்த்து வைத்த பிறகே உள்ளே வந்தார். நான் கேட்காமலேயே இதைச் செய்தார்கள்.

முதல் நாள் மாலை நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இடியப்பம் பிழியும் பிரம்புத் தட்டுகளை அக்கா வெயிலில் உலர்த்தி அடுக்கி வைத்திருந்தார். அவற்றுள் ஒன்றை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பின்னலின் இடுக்கில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். காய்ந்து வெளுத்த மாவுத் துணுக்கு ஒன்று பெயர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது, ஓர் எள்ளளவுதான் இருக்கும். “இதுலதான் எல்லா மாவும் அவிச்சிருக்கேன். எவ்வளவு கழுவினாலும் இந்தப் பின்னலுக்குள்ள நிக்குது பாருங்க. பிள்ளைக்கு இது வேணாம்” என்றார். மறுநாள் காலை என் கணவரும் அவருடைய மகனும் ஹட்டன் சந்தைக்குச் சென்று பன்னிரண்டு புதிய தட்டுகளும் இடியப்பம் பிழியும் ஒரு புதிய உரலும் வாங்கி வந்தார்கள். தட்டின் பின்னலை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் எவர்சில்வர் இட்லித் தட்டுதான், தேய்த்தால் போய்விடும்.

அரிசி மாவையும் அவர் கடையில் வாங்கவில்லை. மாவு மில்லில் எங்களுக்கு முன்னால் யார் எதை அரைத்திருப்பார்கள் என்று தெரியாது என்பதால், சிவப்புப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் சிறிது சிறிதாக அரைத்து, புதுத் துணியில் சலித்தார். அந்த மாவில் பிழிந்த இடியப்பம் ஆறியதும் முறிந்தது உண்மை. சூடாக இருக்கும்போதே தேங்காய்ப்பால் சொதியும் தேங்காய்ச் சம்பலும் சேர்த்துச் சாப்பிட்டால், கண்டியில் தின்ற மென்மையான இடியப்பத்தைவிட அரிசியின் மணம் நன்றாகத் தெரிந்தது. மகள் முதல் தட்டைத் தொடவே பயந்தாள். அக்கா பக்கத்தில் அமர்ந்து மாவு அரைத்த கதையைச் சொல்லிய பிறகு உண்டாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் அதையே கேட்டாள்.

மற்ற வேளைகளின் உணவு எளிமையானது, தரமானது. மதியம் சோறு, பருப்புக் கறி, நுவரெலியாப் பக்கத்து லீக்ஸும் கரட்டும் போட்ட வதக்கல், பலாக்காய்க் கறி, ஒரு கீரை. இரவு ஒருநாள் அவித்த மரவள்ளிக்கிழங்கும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலும், ஒருநாள் பாற்சோறு. கறித்தூளை அவரே வறுத்து அரைத்து வைத்திருப்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. தயிரும், கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சிய கித்துள் பாணியும் மகளுக்கு மிகவும் பிடித்துப்போயின. சுவையைப் பொறுத்தவரை என் மாமியாருக்குக் காரம் அதிகம். ஆனால் கேட்டதும் குறைத்தார்கள்.

குறைகளும் இருந்தன. முதல் நாள் இரவு ரசத்தில் பெருங்காயத்தூள் போட்டுவிட்டார்கள். கடையில் விற்கும் பெருங்காயத்தூள் பெரும்பாலும் தூய பெருங்காயம் அல்ல. அதோடு மாவும் கோந்தும் சேர்த்துத்தான் விற்கிறார்கள், அந்த மாவு பல நிறுவனங்களின் டப்பாவில் கோதுமை மாவே. இதை நான் அக்காவுக்குச் சொன்ன பட்டியலில் விட்டிருந்தேன். டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்து அவரே கண்டுபிடித்து, பந்திக்கு வருமுன்னே பாத்திரத்தை எடுத்துச் சென்றார். அடுத்து, இரண்டாம் நாள் மதியம் பப்படத்தை வடை பொரித்த எண்ணெயிலேயே பொரித்திருந்தார்கள். வடை உழுந்துதான் என்றாலும், முந்தைய நாள் அதே எண்ணெயில் மருமகள் கோதுமை மாவில் செய்யும் ரோல்ஸ் பொரித்தது பேச்சில் தெரியவந்தது. மகள் அதை வாயில் வைக்கவில்லை என்பது எங்கள் நல்வினை. அன்றிலிருந்து புதிய எண்ணெயும் தனிச் சட்டியும் வைத்தார்கள். ஆகவே எவ்வளவு அக்கறையான இடமாக இருந்தாலும் எண்ணெயையும் பெருங்காயத்தையும் தவறாமல் கேட்டுவிடுங்கள். இது சான்றிதழ் பெற்ற சமையலறை அல்ல, பரிசோதனை எதுவும் நடப்பதில்லை. உங்கள் கண்ணும் அவர்களுடைய கவனமுமே காவல்.

ஒரே எரிவாயு அடுப்பில் எல்லாம் நடப்பதால் காலை உணவு எட்டரை மணிக்கு முன்னால் வராது. யாத்திரைத் தலமான சிவனொளிபாதமலைக்கு நள்ளிரவில் புறப்படுகிறவர்கள் முந்தைய மாலையே சொல்லிவிட வேண்டும். சாலையிலிருந்து வீட்டுக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலியுள்ள என் மாமியார் இரண்டு இடங்களில் அமர்ந்து எழுந்துதான் ஏறினார். அறைகள் சுத்தமாக இருந்தன, வெந்நீர் வந்தது, மே மாதத்திலும் இரவில் போர்வை தேவைப்பட்டது. அறைக்கு ஓர் இரவுக்கு 6,500 இலங்கை ரூபாயும், பெரியவர்களுக்கு வேளைக்கு 700 ரூபாயும் வாங்கினார்கள். மகளின் சாப்பாட்டுக்கு எவ்வளவு வற்புறுத்தியும் பணம் பெறவில்லை. தனியாக மாவு அரைத்த உழைப்புக்கு அது நியாயமில்லை என்று எனக்குப் பட்டதால் வேறு வழியில் கொடுத்துவிட்டு வந்தோம்.

விடுதியை விட்டு வெளியே செல்லும் நாள்களுக்கும் அவர்கள் உதவினார்கள். ‘எல்ல’ என்ற ஊர் வரை புகையிரதத்தில் சென்ற நாளில் வழியெங்கும் இறால் வடையும் பருப்பு வடையும் கூடைகளில் ஏறி ஏறி வந்தன. மணத்துக்கு யாருக்கும் பசிக்கும், ஆனால் இரண்டும் ஒரே எண்ணெய், இறால் வடையின் மாவில் கோதுமை மா இருப்பது வழக்கம். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொலை நிலையத்தில் வண்டி நின்றபோது, அக்கா வாழையிலையில் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொதியை மகள் மடியில் வைத்துப் பிரித்தாள். அவித்த சோளமும், அங்கே கச்சான் எனப்படும் வேர்க்கடலையும், பழங்களும் வாங்கிக் கொடுத்தோம். கச்சானில் மசாலாப் பூச்சு உள்ளதைத் தவிர்த்து, வறுத்த வெறுங்கச்சானை மட்டும் வாங்கினோம். நுவரெலியா நகரில் ஃப்ரைட் ரைஸ் கேட்ட மகளுக்கு அதை மறுக்க வேண்டியிருந்தது, பெரும்பாலான சோயா சோஸில் கோதுமை உண்டு. கோதுமை ரொட்டியைக் கல்லில் கொத்திச் செய்யும் கொத்து ரொட்டியின் தாளச் சத்தத்தைக் கேட்டு அவள் கடை வாசலில் நின்றதைப் பார்த்தபோது மட்டும் எனக்கு மனம் கனத்தது. அன்றிரவு இதைக் கேள்விப்பட்ட அக்கா, மீந்த இடியப்பத்தை உதிர்த்து, முட்டையும் லீக்ஸும் கறியும் சேர்த்து, இரண்டு தோசைத் திருப்பிகளால் சட்டியில் டகடகவென்று கொத்திக் கொடுத்தார். இடியப்பக் கொத்து அங்கே கடைகளிலும் கிடைக்கிறது, ஆனால் இடியப்பத்தில் என்ன மா என்ற பழைய கேள்வி அங்கே மீண்டும் எழும். இந்தச் சட்டியில் அந்தக் கேள்வி இல்லை. அவள் முழுத் தட்டையும் காலி செய்தாள்.

செல்ல விரும்புகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், அரிசி ஊறி உலர நேரம் வேண்டும். ஹட்டன் நிலையத்துக்கு வெளியே நிற்கும் முச்சக்கர வண்டிக்காரர்களிடம் டிக்கோயாவுக்கு அப்பால் நீர்த்தேக்கத்தைப் பார்த்த ‘டீச்சர் வீடு’ என்று கேட்டால் கொண்டுபோய் விடுகிறார்கள். நாங்கள் வாங்கிய பன்னிரண்டு தட்டுகளையும் உரலையும் அங்கேயே விட்டு வந்திருக்கிறோம். அவை வீட்டுத் தட்டுகளோடு கலந்துவிடாமல் இருக்க, மகள் ஒவ்வொன்றின் விளிம்பிலும் பச்சை நூல் கட்டினாள். அக்கா அவற்றை வெள்ளைத் துணியில் சுற்றி மேல் பரணில் வைத்தார். பச்சை நூல் கட்டிய தட்டு என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்.