வாடகை ஜிபியு: ரெண்டு வருஷம் மீட்டர் ஓட்டுன கதை

கடலூர் மஞ்சக்குப்பத்துல உக்காந்துகிட்டு வீடு, மண்டபத்துக்கெல்லாம் த்ரீடி வாக்த்ரூ பண்ணித் தர்றேன், பிளெண்டர்ங்கற சாஃப்ட்வேர்லதான். என்கிட்ட இருக்கறது 6 ஜிபி மெமரி உள்ள பழைய 1660 சூப்பர் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு. வீடியோவோட ஒரு படத்தை, அதாவது ஒரு ஃபிரேமை, ரெண்டர் பண்ணி எடுக்க பத்து நிமிஷம், 30 செகண்ட் வீடியோன்னா 720 ஃபிரேம், ஆக மொத்தம் அஞ்சு நாள், அதுக்குள்ள நாலு தடவை கரண்ட் போகும், யூபிஎஸ் கத்தும், இன்ஜினியர் போன் போட்டு "ஆச்சா தம்பி"ன்னுவாரு. வேகமான 4090 வாங்கலாம்னா கார்டு மட்டும் 450 வாட் இழுக்கும், நம்ம உப்புக்காத்துல ஏற்கனவே ஒரு மதர்போர்டு துருப்புடிச்சு போச்சு. அதனால 2023 கடைசிலேருந்து, எங்கயோ இருக்கற ஜிபியு மெஷினை இன்டர்நெட் வழியா மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கறதுதான்.

மொத தடவை விலை கூடன்னா வேகமும் கூட இருக்கும்னு நெனச்சு 80 ஜிபி ஏ100 கார்டு எடுத்தேன். சுத்த தண்டம். அது ஏஐ ட்ரெயினிங் மாதிரி வேலைக்கு செஞ்சது, வெளிச்சம் எப்படிப் பட்டுத் தெறிக்குதுன்னு வேகமா கணக்கு போடற ரே ட்ரேசிங் கோரே அதுல கெடையாது, அதுக்கு அடுத்து வந்த ஹெச்100லயும் கெடையாது. அதைவிட கம்மி வாடகைக்கு கெடச்ச 4090 ஃபிரேமை ஒரு நிமிஷத்துல முடிச்சுது. சீன் 4090ஓட 24 ஜிபி மெமரிக்குள்ள அடங்கலன்னாதான் பெரிய கார்டு பக்கம் போகணும்.

4090க்கு எனக்கு கெடச்ச ரேட் மணிக்கு 45 ரூபா வாக்குல. 720 ஃபிரேமுக்கு 12 மணி நேரம், 540 ரூபா. நாலு மெஷின் எடுத்து ஃபிரேமைப் பிரிச்சு விட்டா மூணே மணி நேரம், காசு அதே 540தான், இது புரிய எனக்கு ஆறு மாசம் ஆச்சு!

அப்லோடு தான் பெரிய ரோதனை. 18 ஜிபி ஃபைல், என் லைன்ல 20 எம்பிபிஎஸ்தான் மேல போகும், ரெண்டு மணி நேரம் மெஷின் சும்மா நிக்கும், ஆனா மீட்டர் ஓடும். இப்ப மொதல்ல ஆன்லைன் ஸ்டோரேஜ்ல ஏத்திட்டு அப்புறம்தான் மெஷினை எடுக்கறது. மெஷினை ஸ்டாப் பண்ணாலும் டிஸ்க்குக்கு காசு புடிப்பாங்க, வேல முடிஞ்சா டெலிட்டே பண்ணிடணும். ஸ்பாட்ல, அதாவது கடைசி வரைக்கும் நமக்கேன்னு உத்தரவாதம் இல்லாம எடுத்தா சீப்பு, ஆனா வேற யாராச்சும் கூட குடுத்தா பாதியில புடுங்கிடுவாங்க, அதனால ஒரே எம்பி4 வீடியோவா ரெண்டர் பண்ணாம ஃபிரேம் ஃபிரேமா படமா எடுத்து அப்பப்ப வெளிய காப்பி பண்ணிக்கணும்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த அன்னைக்கு ஒரு டெலிவரி இருந்துச்சு. இங்க கரண்ட் போனா என்ன, மெஷின் எங்கயோ தானே இருக்குன்னு தெனாவெட்டா நாலையும் ஓட விட்டுட்டு படுத்துட்டேன். ராத்திரி கரண்ட் போச்சு, டவரும் போச்சு, அடுத்து தென்பெண்ணைல வெள்ளம் வேற. மூணாம் நாள் சிக்னல் வந்து பாத்தா ரெண்டர் மூணு மணி நேரத்துலயே முடிஞ்சிருக்கு, அப்புறம் 60 மணி நேரமா நாலு மெஷினும் சும்மா நின்னு 10,800 ரூபாய முழுங்கியிருக்கு, அந்த வேலைக்கு எனக்கு வந்ததே எட்டாயிரம். வாடகைக்கு முன்கூட்டி காசு போட்டு வெக்கற வாலட்ல காசு தீந்திருந்தா தானா நின்னுருக்கும், காசு கொறைஞ்சா தானா ஏத்திக்கற ஆட்டோ டாப்அப்பை ஆன் பண்ணி வெச்ச புத்திசாலி நான்தான்.

இப்ப ரெண்டர் கமாண்டுக்கு கடைசியில மெஷினே தன்னை அழிச்சுக்கற மாதிரி ஒரு வரி சேத்துடறேன், வாலட்ல ஆயிரத்துக்கு மேல போடறதில்ல. ஆட்டோ டாப்அப்பை அன்னைக்கு ஆஃப் பண்ணதுதான், இன்னும் தொடல.