ஊட்டி–மேட்டுப்பாளையம் சைக்கிள் பயணம்: பணம் கட்டும் முன் பிரேக் கட்டையைப் பாருங்கள்

ஊட்டியில் ஏறி, கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் வரை ஒருநாள் சைக்கிள் பயணம் என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு யாராவது பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். எங்கள் தோழி ஆறு வாரம் இடது கையில் மாவுக்கட்டோடு இருந்தாள். அவள் விழுந்தது மலைப்பக்கம் என்பதால் அவ்வளவோடு போயிற்று. எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் செய்ததைத் தெரிந்துகொண்டால் போதும்.

நாங்கள் ஆறு பேர், கோவையில் ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு பேருக்குத்தான் தினமும் சைக்கிள் ஓட்டுகிற பழக்கம். மற்றவர்கள் பள்ளிக்கூடத்தோடு விட்டவர்கள். அதனால்தான் இறக்கமாகப் பார்த்துத் தேடினோம். போனில் பேசியவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "ஏத்தமே கிடையாதுங்க, முழுக்க இறக்கம்தான். பிரேக் புடிக்கத் தெரிஞ்சாப் போதும்."

ஏற்றமே இல்லை என்பதே பொய். ஊட்டியே 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோத்தகிரி போக முதலில் தொட்டபெட்டா சந்திப்புவரை மேலே ஏற வேண்டும். பழக்கம் இல்லாதவர்களுக்கு அங்கேயே நாக்குத் தள்ளிவிடும். அதன்பிறகு கட்டபெட்டு, கோத்தகிரி என்று சுமார் 30 கிலோமீட்டர். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இன்னொரு 33 கிலோமீட்டர் மலைப்பாதை. அந்த 33 கிலோமீட்டருக்குள் சுமார் 1,500 மீட்டர் கீழே இறங்குகிறோம். இப்படிப்பட்ட பாதைக்குத்தான் அவர்கள் சைக்கிள் கொடுத்தார்கள்.

ஆளுக்கு 1,800 ரூபாய் கட்டணம், 2,000 ரூபாய் டெபாசிட். ஆறு பேருக்கும் சேர்த்து 22,800 ரூபாயை முன்கூட்டியே ஜிபேயில் அனுப்பினோம். பணம் போனது நிறுவனத்தின் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் கணக்குக்கு. அப்போதே ஒரு சந்தேகம் தட்டியது. சீசன் நேரம், இடம் போய்விடும் என்று அவசரப்படுத்தினார்கள், நாங்களும் அனுப்பிவிட்டோம். டிஸ்க் பிரேக் வைத்த கியர் சைக்கிள், எல்லோருக்கும் ஹெல்மெட், பின்னாலேயே வரும் பிக்கப் வண்டி, கூடவே மெக்கானிக், தண்ணீர், எஸ்டேட்டில் மதியச் சாப்பாடு. வாட்ஸாப்பில் வந்த பட்டியல் இது. அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருந்ததுதான் இப்போது எங்களுக்குக் கைகொடுக்கிறது.

கடந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குச் சேரிங் கிராஸில் நிற்கச் சொன்னார்கள். வண்டி வந்தது எட்டே முக்காலுக்கு. பிக்கப்பின் பின்னால் சைக்கிள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஆறில் இரண்டில்தான் டிஸ்க் பிரேக், அதுவும் வயர் இழுக்கிற வகை. மற்ற நான்கும் ரிம்மைப் பிடிக்கிற சாதாரணப் பிரேக். ஹெல்மெட் ஐந்து. மெக்கானிக் என்று வந்தது பத்தொன்பது, இருபது வயதுப் பையன் ஒருவன், கையில் ஒரு ஸ்பேனர்.

என் தோழிக்குக் கொடுத்த சைக்கிளை நான் குனிந்து பார்த்தேன். புதுப் பிரேக் கட்டையில் குறுக்கே கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். தேயத் தேய அந்தப் பள்ளம் ஆழம் குறைந்துகொண்டே வரும், அது மறைந்தால் கட்டையை மாற்ற வேண்டும். இதில் பள்ளமே இல்லை. வழுவழுவென்று, ஒரு ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்து, உள்ளே இருக்கிற இரும்புத் தகடு நூல் பிடித்த மாதிரி மின்னியது. ரிம்மில் விரலை வைத்துப் பார்த்தேன், சுற்றிலும் கீறல்.

"தம்பி, கட்டை சுத்தமாத் தேஞ்சிருக்கேப்பா."

"ஒண்ணும் ஆகாதுங்ணா. போன வாரம் இதே வண்டிலதான் ஒரு அக்கா மேட்டுப்பாளையம் வரைக்கும் எறங்குனாங்க."

வேறு கட்டை இருக்கிறதா என்று கேட்டேன். கீழே கடையில் இருக்கிறது, கோத்தகிரியில் மாற்றித் தருகிறேன் என்றான். ஏற்கெனவே இரண்டு மணி நேரம் தாமதம், எல்லோரும் கிளம்பத் துடித்துக்கொண்டிருந்தார்கள். சரி என்று நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக நான் என்னை மன்னிக்கவே மாட்டேன். அந்த இடத்திலேயே 'இந்தச் சைக்கிள் வேண்டாம்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். விபத்து நடந்தால் நிறுவனம் பொறுப்பில்லை, சைக்கிளுக்குச் சேதம் என்றால் டெபாசிட்டில் பிடித்துக்கொள்ளப்படும் என்று இருந்தது. சைக்கிள் எந்த நிலையில் நம் கைக்கு வருகிறது என்று எழுத அதில் ஒரு வரி கூட இல்லை.

பிக்கப் வண்டி எங்களோடு வந்தது கட்டபெட்டு வரைதான். இன்னொரு குழுவை இறக்கிவிட்டு வருகிறோம் என்று போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். பையனும் அதிலேயே போய்விட்டான். தண்ணீரும் அதில்தான் இருந்தது. நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் விற்கத் தடை இருக்கிறது, வழியில் பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். நல்ல வேளை, ஒரு டீக்கடை அம்மா எங்கள் இரண்டு பாட்டிலிலும் சுடுதண்ணீர் பிடித்துக் கொடுத்தார். மதியச் சாப்பாடு என்று காலையில் கையில் கொடுத்திருந்தது ஆளுக்கொரு எலுமிச்சைச் சாதப் பொட்டலம். அதை விடுங்கள்.

கோத்தகிரியில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கட்டையும் வரவில்லை, ஆளும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. மணி மூன்றைத் தாண்டிவிட்டது. கீழே குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, அதுவும் பலாப்பழக் காலம். இருட்டுவதற்குள் அந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும் என்ற பயத்தில் இறங்க ஆரம்பித்தோம்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இறங்கியிருப்போம். சாரல் விழுந்து சாலை நனைந்திருந்தது. முன்னால் போன தோழியின் சைக்கிளிலிருந்து இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் கீச்சென்று வந்துகொண்டே இருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அந்தச் சத்தம் நின்றது. வண்டி நிற்கவில்லை. பின்பிரேக் வயர் அறுந்துவிட்டது. முன்பிரேக்கை முழுக்க இழுத்தும் லீவர் ஹேண்டில்பாரில் போய் ஒட்டிக்கொண்டதே தவிரப் பிடிக்கவில்லை. காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போனாள். கீழேயிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. வளைவில் திருப்ப முடியாது என்று தெரிந்ததும் அவளாகவே மலைப்பக்க வடிகாலுக்குள் சைக்கிளை விட்டாள். அந்த ஒரு நொடி யோசனைதான் அவளைக் காப்பாற்றியது.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவளுக்கு நினைவு இருந்தது. முழங்கை முழுக்கச் சிராய்ப்பு, மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. பஸ்ஸை நிறுத்திய கண்டக்டர் அண்ணன் இறங்கி வந்து, அவளையும் துணைக்கு ஒருத்தியையும் ஏற்றிக் கோத்தகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டிக்கெட்டுக்குப் பணம் நீட்டியபோது, "மொதல்ல கையப் பாருங்கம்மா" என்றாராம். எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பில் விரிசல். மீதிப் பேர் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நின்றோம். கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு லாரிக்காரர் சைக்கிளையும் எங்களையும் மேட்டுப்பாளையம் கொண்டுவந்து சேர்த்தார்.

அன்று முழுக்க எடுக்காத போனை, சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று செய்தி அனுப்பிய பத்தே நிமிடத்தில் எடுத்தார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிம் கோணல், ஹேண்டில்பார் கோணல், மற்ற சைக்கிள்களிலும் கியர் சேதம், பெயின்ட் கீறல் என்று கணக்குப் போட்டு 12,000 ரூபாய் டெபாசிட்டில் 7,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். பிரேக் அறுந்ததே என்றால், "நீங்க விடாமப் புடிச்சுட்டே வந்திருப்பீங்க, அதான் தேஞ்சுபோச்சு" என்றார் காலையில் நான் பார்த்த அதே கட்டையைக் காட்டி.

விடாமல் பிரேக் பிடிப்பது தவறுதான், அதை மறுக்கவில்லை. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிடித்தால் ரிம் சூடேறும், டியூபே வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். இதைப் பழக்கம் இல்லாதவர்களுக்குக் காலையில் சொல்லித்தரவேண்டியது யார்? அதற்குத்தானே கூடவே ஆள் வருகிறார் என்று பணம் வாங்கினார்கள்?

நீங்கள் யாரிடம் போனாலும் சரி, ஏறும் முன் இதைச் செய்யுங்கள். இரண்டு லீவரையும் முழு பலத்தோடு அழுத்துங்கள், ஹேண்டில்பாரைத் தொடவே கூடாது. முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளுங்கள், பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்க வேண்டும். லீவருக்குள் வயர் நுழைகிற இடத்தில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அந்தச் சைக்கிள் வேண்டாம். கட்டையையும் ரிம்மையும் பெயின்ட் கீறலையும், சைக்கிளைக் கொண்டுவந்தவர் பக்கத்தில் நிற்கும்போதே வீடியோ எடுங்கள். எடுக்கக் கூடாது என்று சொன்னால் அங்கேயே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பிக்கப் டிரைவரின் நம்பரைத் தனியாக வாங்கி, அங்கேயே ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.

ஏமாந்துவிட்டால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே ஆணையத்தில் புகார் கொடுக்க முடியும், ஊட்டிக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பொறுப்பில்லை என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயந்து நாங்களும் மூன்று வாரம் சும்மா இருந்தோம். சேவையில் குறை வைத்துவிட்டு அந்த ஒரு தாளை நீட்டித் தப்பித்துவிட முடியாது என்று வக்கீல் தைரியம் சொன்ன பிறகுதான் எழுதினோம்.

அன்றைக்குச் சாலையோரம் நிற்கும்போது என் நண்பன் அந்தப் பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துப் படம் எடுத்திருந்தான். ரப்பர் அந்த நாணயத்தின் கனம்கூட இல்லை. புகாரோடு முதலில் இணைத்திருப்பது அந்தப் படத்தைத்தான்.