மதுரையா, திருச்சியா, சென்னையா? ராமநாதபுரம் கரையிலிருந்து விமானம் ஏறப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று எங்கள் கரையோர ஊர்களில் சபர், அதாவது வெளிநாட்டுப் பயணம் போவது தலைமுறை தலைமுறையாக நடக்கிற காரியம். சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பிள்ளைகளும் இப்போது மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் இருப்பது கடற்படைத் தளம். ஆகவே யார் எந்த நாட்டுக்குப் போனாலும் முதல் பயணம் சாலையில்தான்.

அந்தச் சாலையைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. டிக்கெட் விலையை மட்டும் பார்க்கிறார்கள். “சென்னையிலிருந்து போனால் நாலாயிரம் குறையுது மாப்ளே” என்று ஒருவர் சொன்னால் அதோடு முடிவாகிவிடுகிறது. அந்த நாலாயிரத்துக்காக வீட்டார் ஏழெட்டுப் பேர் வேனில் இரவெல்லாம் போய், அவரை இறக்கிவிட்டு, தூக்கமே இல்லாமல் அடுத்த நாள் திரும்பி வருகிறார்கள். விமானத்தில் ஏறுகிறவர் இருக்கையில் சாய்ந்து தூங்கிவிடுவார். வேனை ஓட்டித் திரும்புகிறவருக்கு அந்த வசதி இல்லை. எந்த விமான நிலையம் நல்லது என்று கேட்டால், திரும்பி வருகிறவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் என்னால் பதில் சொல்ல முடியும்.

கிட்டத்தில் இருப்பது மதுரை. ராமநாதபுரத்திலிருந்து சுமார் 115 கிலோமீட்டர். பரமக்குடியைத் தாண்டிவிட்டால் நால்வழிச் சாலை, அதன் பிறகு வண்டி சீராகப் போகும். சிரமமெல்லாம் அதற்கு முன்னால்தான். பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடைப்பட்ட 46.7 கிலோமீட்டரை நால்வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை முடிகிற வரை சத்திரக்குடிப் பக்கம் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டினால் பொறுமையாகத்தான் போக வேண்டும். போகலூரிலும் திருப்பாச்சேத்தியிலும் சுங்கச்சாவடி உண்டு. பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

மதுரை வழியின் பெரிய சௌகரியம், ஊருக்குள் நுழையவே வேண்டாம் என்பது. விரகனூர் ரவுண்டானாவில் இடது கைப்பக்கம் ரிங் ரோட்டில் திரும்பினால் மண்டேலா நகர், அங்கிருந்து விமான நிலையம். சித்திரைத் திருவிழா நாளாக இருந்தாலும் இந்த வழி ஓரளவு தப்பிக்க வைக்கும். ராமநாதபுரத்திலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் வாசலில் இறங்கிவிடலாம்.

இதன் குறை விமானங்களின் எண்ணிக்கை. கொழும்பு, துபாய், சிங்கப்பூர், அபுதாபி என்று நேரடி வெளிநாட்டு விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒன்று ரத்தானால் அன்றைக்கே வேறு விமானம் பிடிப்பது கடினம். விசாவின் கடைசி நாள் நெருங்கியவருக்கும், வேலையில் சேர வேண்டிய தேதி குறித்தவருக்கும் இது சாதாரண விஷயம் இல்லை.

மதுரை வழிக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் கடைசியில் 30ஆம் தேதியை ஒட்டிப் பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இந்த நாட்களில் வழி மாற்றமும் வாகனச் சோதனையும் நிச்சயம் இருக்கும். தேதியைக் கவனிக்காமல் டிக்கெட் போட்டுவிட்டால் பாதி நேரம் சோதனைச் சாவடியிலேயே போய்விடும். ராமேஸ்வரம், தங்கச்சிமடம்காரர்களுக்கு இதற்கு மேல் ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் சேரும். சாதாரண நாளிலேயே பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் புகைப்படம் எடுப்பவர்களால் நெரிசல். அமாவாசையன்று தீவைவிட்டு வெளியே வருவதற்கே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். முந்தின நாளே ராமநாதபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்கிவிடுவது உத்தமம்.

திருச்சி இன்னும் தள்ளி. தேவிபட்டினம், ஆர்.எஸ்.மங்கலம், தேவகோட்டை, காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை என்று போகிற வழி மூன்றரை, நான்கு மணி நேரம் எடுக்கும். அப்படியிருந்தும் வேலைக்காகப் போகிறவர்களுக்கு நான் திருச்சியைத்தான் சொல்வேன். விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. நாம் போகிற திசையில் திருச்சி நகரத்துக்கு முன்பே வந்துவிடும். மத்தியப் பேருந்து நிலைய நெரிசலைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம். கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு, வளைகுடா நாடுகள் என்று விமானங்கள் அதிகம். ஒன்று போனால் இன்னொன்றைத் தேடலாம். 2024 ஜனவரியில் திறந்த புதிய முனையம் விசாலமானது. பழைய கட்டடத்தில் வழியனுப்ப வந்தவர்களும் பெட்டிகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்ற காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த மாற்றம் புரியும்.

நிறுத்துகிற இடங்களைப் பொறுத்தவரையிலும் எனக்குத் திருச்சி வழிதான் பிடிக்கும். ஆர்.எஸ்.மங்கலத்தில் பெரிய கண்மாயின் ஓரமாகப் போகிறபோது, மழை பெய்த வருடமாக இருந்தால் தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று அந்தக் கண்மாயைப் பற்றி எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பாலைவன நாட்டுக்குப் போகிற பையன் ஒரு தடவை இறங்கி அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும். திருமயத்தில் கோட்டைச் சுவரை ஒட்டிச் சாலையோரத்திலேயே பைரவர் கோயில். அந்த வழியில் போகிற வண்டிகள் நின்று கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். எங்களுக்கும் அதுதான் கால் நீட்டும் இடம். புதுக்கோட்டையில் சாப்பிடலாம், முட்டை மாஸ் அந்த ஊர்ச் சொத்து. ஆனால் விமானம் ஏறப்போகிறவர் அன்றைக்கு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கீரனூரில் ஒரு தேநீர், பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா என்று கடைசியாக ஒரு பார்வை, அவ்வளவுதான்.

மதுரை வழியிலும் பார்க்க இடம் இல்லாமல் இல்லை. 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் சிலைமானுக்குப் பக்கத்தில், சாலையிலிருந்து சற்றே விலகினால் போதும். ஆனால் வழியனுப்பப் போகிற நாளில் அதற்குள் நுழையாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடி ஓடிப் பார்க்கிற இடம் அது இல்லை. பகலில் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும் குடும்பம் அங்கே போகலாம். அழுத கண்ணோடு வேனில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது நல்ல மாற்றமாக இருக்கும்.

சென்னைக்கு வருவோம். ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். காரிலோ வேனிலோ ஒன்பது பத்து மணி நேரம். சென்னைக்கு வேன் பிடிக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். அங்கிருந்துதான் விமானம் என்றால் ரயிலில் போங்கள். ராமேஸ்வரத்திலிருந்து சேது எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் தாம்பரம். அங்கே இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் நிலையம் வந்தால் எதிரே விமான நிலையம். எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் தாம்பரத்திலேயே ஆட்டோ பிடித்துவிடுங்கள். படிக்கட்டில் முப்பது கிலோ தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவது முதுகுக்கு ஆகாது. ரயில் தாமதமாகலாம் என்பதால், காலை விமானத்துக்கு இந்த ஏற்பாடு வேண்டாம். பிற்பகலுக்குப் பிறகு கிளம்புகிற விமானமாகப் பார்த்து எடுங்கள். வழியனுப்புவதை ராமநாதபுரம் ரயில் நிலையத்திலேயே முடித்துக்கொள்ளலாம். விமான நிலையத்தில் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். நடைமேடையில் ஜன்னலோரம் நின்று கையைப் பிடித்துப் பேசலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீமிசல், முத்துப்பேட்டை, வேளாங்கண்ணி, நாகூர், புதுச்சேரி என்று சென்னை போகிறவர்களும் இருக்கிறார்கள். பார்வைக்கு அழகான வழி. எங்கள் தாத்தாமார் காலத்தில் வெளிநாட்டுப் பயணமே இந்தத் திசையில்தான். ரஜுலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். இன்றும் யாழ்ப்பாணம் போக நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலைப் பிடிக்கிறவர்களுக்கு இதுவே சரியான சாலை. நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் நேர்த்திக்கடன் உள்ளவர்கள், ஒரு வாரம் முன்பே தனியாகப் போய்வருவது நல்லது. விமானத்துக்கான பயணமாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். இருபக்கமும் சீமைக்கருவேலங்காடு, இரவில் அதற்குள்ளிருந்து மாடு எப்போது சாலைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

கும்பிட்டுவிட்டுக் கிளம்புவதற்கும் இதே நியாயம்தான். ஏர்வாடி தர்காவோ, உத்திரகோசமங்கையோ, அருளானந்தர் உயிர் நீத்த ஓரியூரோ, அவரவர் வழக்கப்படி முதல் நாளே போய்வந்துவிடுங்கள். கிளம்புகிற நாளில் வழியில் இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு இடமாக வண்டியை நிறுத்தினால் நேரம் கரைந்துவிடும். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும். கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது பெட்டி போடும் கவுண்டரை மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு யார் கெஞ்சினாலும் நடக்காது.

பெட்டி கட்டுகிற விஷயத்தில் மூன்று வழிக்கும் வேறுபாடு இல்லை, ஆனால் இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் சிக்குகிறார்கள். கசகசாவை ஒரு சிட்டிகைகூட வைக்காதீர்கள். அமீரகத்திலும் சவுதியிலும் கத்தாரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் வழக்கு வரை போகும். அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் அது கலந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொப்பரைத் தேங்காயைச் சரக்குப் பெட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், எண்ணெய்ப்பசையால் தானாகத் தீப்பிடிக்கும் என்பது காரணம். பவர் பேங்க் நேர்மாறு; அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டிக்குள் போகக் கூடாது. ஊறுகாய், நெய் போன்றவற்றைக் கைப்பையில் வைத்தால் நூறு மில்லிக்கு மேல் கூடாது என்று பிடுங்கிவிடுவார்கள். கருவாட்டை நன்றாகக் காயவைத்துக் காற்றுப்புகாமல் கட்டி, போகிற நாட்டில் அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். கீழக்கரைத் தொதல் இனிப்பும் முண்டு மிளகாய் வத்தலும் கொடுத்துவிடுங்கள், அங்கே அறையில் இருக்கிற நாலு பேரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் யாராவது கடல் அட்டையை “மருந்துக்கு” என்று சொல்லிக் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். அடுத்தவர் கொடுக்கிற பொட்டலம் எதுவானாலும் பிரித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். இருமல் மருந்தும் வலி மாத்திரையும் மருத்துவர் சீட்டு இல்லாமல் வேண்டாம். இங்கே சாதாரணமாக வாங்குகிற சிலவற்றுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது காலம் மிச்சம் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதை ஒரு தொல்லையாக நினைத்து, “விசிட் விசாவில் போய் மாத்திக்கலாம்” என்கிற ஏஜென்ட் பேச்சைக் கேட்காதீர்கள். முறைப்படி போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் பத்து லட்ச ரூபாய்க் காப்பீடு இருக்கிறது. இரண்டு வருடத்துக்குக் கட்டணம் 275 ரூபாய்தான். விசிட் விசாவில் போனவருக்கு அங்கே ஒன்று ஆகிவிட்டால் வீட்டார் யாரைப் போய்க் கேட்பது? ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், போனில் படமாகவும் இருக்கட்டும்.

சுற்றிப் பார்க்கவோ, மகள் வீட்டுக்கோ, கையில் ஒரு பெட்டியோடு போகிற பெரியவர்களுக்கு மதுரை போதும். கொழும்பு போய் மாறுகிற டிக்கெட்கூட அவர்களுக்கு ஒத்துவரும். வேலைக்குப் போகிறவர்களுக்குத் திருச்சி. சென்னை, ரயிலில் போக மனம் இருந்தால் மட்டும்.

திருச்சியில் நள்ளிரவு தாண்டிக் கிளம்புகிற விமானமாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். வேனில் நான்கு பேருக்கு மேல் ஏற்ற வேண்டாம். விமானம் கிளம்பியது தெரிந்த உடனே வண்டியை எடுக்காமல், புதுக்கோட்டைச் சாலையில் ஓர் அறை எடுத்து டிரைவர் அண்ணனைத் தூங்கச் சொல்லுங்கள். விடிந்து, அவர் முகம் கழுவித் தேநீர் குடித்த பிறகு கிளம்பினால் போதும். அந்த அறை வாடகையை டிக்கெட் போடுகிற அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.